தரை காயும்வரை

பாலிஷ்காரருக்கு ஊரார் வீட்டு மரத்தரை என்றால் கண்ணும் கருத்தும். சொந்த வீட்டுத் தரைக்கு இப்போதுதான் வேளை வந்தது. "வார்னிஷ் அடிச்சா சீக்கிரம் காஞ்சிடுமே?" என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். "உனக்கென்ன தெரியும்? வார்னிஷ்ல கீறல் விழுந்தா மொத்தத் தரையையும் தேய்க்கணும். மரத்துக்குப் பூசுற எண்ணெய்னா விழுந்த இடத்தை மட்டும் தொட்டா போதும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

காலையில் ஹாலுக்கு முதல் பூச்சு. சோபாவையும் பீரோவையும் சமையலறைக்குள் தள்ளியதில் பின்கதவு அடைபட்டுப் போனது. மதியத்துக்கு மேல், சமையலறை வாசலில் தொடங்கி இரண்டாம் பூச்சைத் தெருக்கதவு வரை இழுத்துக்கொண்டு வந்து வெளியேறினார். மனைவி சமையலறைக்குள்ளேதான் இருந்தாள். "காயுறவரைக்கும் இந்தப் பக்கம் ஒரு கால் வெச்சே, நடக்கிறதே வேற!" என்று கத்திவிட்டுக் கடைக்குப் போனார். வார்த்தையை அளந்து பேசும் பழக்கமெல்லாம் அவருக்கு வீட்டுக்கு வெளியேதான்.

பெயின்ட் கடைக்காரர் விளையாட்டாகக் கேட்டார்: "எண்ணெய் தொடச்ச துணியெல்லாம் தண்ணியில ஊறப் போட்டீங்களாண்ணே? ஊருக்கே பாடம் எடுப்பீங்களே!"

போடவில்லை. முதல் பூச்சைத் துடைத்த துணிகளை ஓர் அட்டைப்பெட்டியில் திணித்து, சோபாவுக்குப் பின்னால் தள்ளியிருந்தார். எண்ணெய்த் துணி அப்படிக் குவிந்து கிடந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானே சூடேறித் தானே பற்றிக்கொள்ளும்.

ஓடினார். ஓடிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாள்? பிறகுதான் உறைத்தது. அவள் போன் தெருக்கதவுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் தரையை மிதிக்க வேண்டும். தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார்.

கதவைத் திறந்தால் ஒரே புகை. சமையலறை வாசலில் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் நின்றாள். முதுகுக்குப் பின்னால் சோபா எரிந்துகொண்டிருந்தது. கால்விரல்கள் எண்ணெய் தொடங்கும் கோட்டுக்கு இந்தப்புறம் வராமல் ஒடுங்கியிருந்தன.

"வெளியே வா! ஓடி வா!"

அவள் இருமினாள். தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இன்னும் காயலையேங்க..."

செருப்புக் காலோடு பாய்ந்து, அவளை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே குழாயை விட்டுத் தீயை அணைத்தார். சோபா போயிற்று, வீடு தப்பியது.

அவருக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. அவளோ இன்னும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். தீதான் அணைந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பயம் என்று அவருக்குப் புரியவில்லை. திறந்த கதவு வழியே ஹாலைப் பார்த்தார். தரை முழுக்க அப்பட்டமாகத் தடங்கள்.

அவர் பார்வை போன இடத்தைக் கண்டதும் அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்:

"நான் மிதிக்கலைங்க. அதெல்லாம் உங்க கால்தான்."