மறுப்பு ஏதும் வரவில்லை

இருபத்தாறு நாடுகளை ஒரே வண்டியில் ஏற்றி ஒரே பக்கமாக ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் ஹாடெவிக் டெர்ப்ஸ்ட்ராவின் பாடு புரியும். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்குவார், மூன்றாமவர் வண்டிக்கு எந்த மொழியில் பெயர் எழுதுவது என்று சண்டை பிடிப்பார். ஹேக் நகரத்தில், கூட்டுப் பாதுகாப்புத் தொழில்நுட்ப முகமையின் தலைமை நாற்காலியில் மூன்று வருஷமாக அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நாற்பது வருஷத்துப் பழைய செய்தித் தடத்தை மூடிவிட்டு, அத்தனை நாட்டுப் படைகளையும் புதிய கணினி வலைக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாரையும் சம்மதிக்க வைத்தும் விட்டாள். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலையில், அந்த வார வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குப் பழைய தடம் நிறுத்தப்படும், மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும் என்று தாள் சுற்றுக்குப் போயிற்று.

அந்த முகமையில் கைதூக்கி ஓட்டுப் போடும் வழக்கமே கிடையாது. தாள் ஒன்று சுற்றுக்கு விடப்படும். குறித்த மணிக்குள் ஏதாவது ஒரு நாடு மறுப்புச் சொன்னால் போதும், விஷயம் அங்கேயே நின்றுவிடும். யாரும் வாயைத் திறக்காவிட்டால் இருபத்தாறு பேரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பேசவிட்டால் வருஷக்கணக்கில் பேசுவார்கள் என்று பயந்த எவனோ ஒரு புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. அங்கே இருப்பவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி பழகிப்போயிருந்தது.

தாள் போன அன்றைக்கே ராய்வோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். எஸ்தோனியாக்காரன். பழைய தடத்தைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டவன், இப்போது அதை மூடுகிற பொறுப்பும் அவன் தலையில்தான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம்.

"ஸ்கார்வன் தீவுல ஒன்பது பேர் இருக்காங்க மேடம்."

"தெரியும். நார்வேக்காரங்களோட ராடார் நிலையம்."

"கோபுரத்துல பனி ஏறி மத்த தொடர்பெல்லாம் ஜனவரியிலயே போச்சு. பழைய தடம் ஒண்ணுதான் அவங்களுக்குக் காதும் வாயும். புதுக் கருவியை ஏத்திக்கிட்டுக் கப்பல் நாளைக்குத்தான் போகுது."

"போகட்டும். நாளைக்குப் போனா புதன்கிழமை மாட்டிருவாங்க."

"போகலேன்னா?"

"போகலேன்னா டோர்கெயிர் மறுப்பு குடுப்பார். அதுக்குத்தானே அந்த மனுஷனை நார்வே இங்க உட்கார வச்சிருக்கு? நான் அப்படியே நிறுத்திடறேன். ஒன்பது பேரை அந்தரத்துல விட்டுட்டு மூடுவேன்னு நினைக்கிறியா நீ?"

அவள் பொய் சொல்லவில்லை. போன வாரம்தான் எல்லா நிலையங்களுக்கும் தன் கைப்படக் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். மாற்றம் நடக்கிற வாரத்தில் யாருக்கு என்ன பிரச்சினை வந்தாலும் நேராக என் அலுவலகத்துக்கே எழுதுங்கள், நானே படிப்பேன் என்று. அப்படி எழுதிய தலைவர் அதற்கு முன் அந்த முகமையில் ஒருவர்கூட இல்லை.

டோர்கெயிர் வெஸ்ட்லியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நார்வேயின் பிரதிநிதி, அறுபத்தொரு வயசு, சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கிற ஆள். மறுப்பு என்றால் அது பழைய தடத்தில், கையெழுத்துக் குறியோடு, தலைவரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று விதி. அவர் அதன்படியே அனுப்புவார். போனில் சொல்லவே மாட்டார். போனில் சொன்னது பதிவில் நிற்காது, பதிவில் நிற்காதது நடக்கவே இல்லை என்பது அவர் கட்சி.

புதன்கிழமை காலையில் ஹாடெவிக் ஒரு காரியம் செய்தாள். மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தன் அலுவலகத்தை முதல் ஆளாகப் புதிய வலைக்கு மாற்றினாள். போட்டோ எடுத்தார்கள், அத்தனை நாட்டுத் தூதர்களுக்கும் அனுப்பினார்கள். அவளுடைய செயலாளர் கிராசிந்தா, லிஸ்பனிலிருந்து வந்தவள், கையில் ஒரு சாவியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பழைய தடத்துச் செய்தி வர்ற பிரிண்டர் அறையை என்ன பண்ணட்டும் மேடம்?"

"பூட்டிடு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேனே. ரெண்டு நிமிஷம்தான்."

"கிராசிந்தா, ஊருக்கெல்லாம் புதுசுக்கு வாங்க வாங்கன்னு சொல்லிட்டு நான் மட்டும் கொல்லைப்புறமாப் பழசுக்குப் போய் எட்டிப் பார்க்கவா? நாலு பேர் பார்த்தா சிரிக்க மாட்டாங்க? பூட்டும்மா."

கிராசிந்தா பிரிண்டரின்மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திவிட்டுப் பூட்டினாள். உள்ளே மின்சாரத்தை மட்டும் யாரும் அணைக்கவில்லை. வெள்ளி மதியம் எல்லாம் சேர்ந்து தானாக அணையும் என்று ஏற்பாடு. மகராசி, அன்றைக்கு அந்த ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கக்கூடாதா!

வெள்ளிக்கிழமை காற்று கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. சைக்கிளில் வந்தவர்கள் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடுக்கூடத்துச் சுவரில் பெரிய பலகை, அதில் நானூற்றுப் பதினொரு நிலையங்களும் விளக்குகளாக எரிந்தன. நானூற்றுப் பதினொன்றும் பச்சை.

அந்தப் பச்சைக்கும் ஒரு கதை உண்டு. முதலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 'நலம்' என்று தகவல் அனுப்பாத நிலையம் சிவப்பாகிவிடும்படிதான் ராய்வோ அமைத்திருந்தான். நவம்பரில் தூதர்கள் வந்து பார்த்தார்கள். எங்கள் நாடு ஏன் சிவப்பு, பக்கத்து நாடு எப்படிப் பச்சை என்று ஒரே கூச்சல். பாதிச் சிவப்புக்குக் காரணம் காவலாளி தூங்கியதுதான். தலைவலி தாங்காமல் ஹாடெவிக் விதியை மாற்றச் சொன்னாள். நிலையத்திலிருந்து பலகைக்கே புகார் வந்தால் மட்டும் சிவப்பு, வராதவரை பச்சை.

"பேசாதவன் செத்துக் கிடந்தாலும் பச்சைதானா மேடம்?" என்று அன்றைக்கே கேட்டான் ராய்வோ.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று சிரித்துத் தள்ளினாள் அவள்.

இப்போது பதினொன்றேகால். பன்னிரண்டு மணிக்கு இருபத்தாறு தூதர்களும் வீடியோவில் வந்து பார்க்கப் போகிறார்கள். மேஜைமேல் இளஞ்சிவப்புப் பூச்சுப் போட்ட தொம்பூஸ் கேக்குகள் வரிசையாக இருந்தன. ராய்வோ பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நார்வேகிட்டேருந்து ஒண்ணும் வரலையா?"

"வரலை. யாருமே மறுக்கலை," என்றாள் ஹாடெவிக்.

"கப்பல் போய்ச் சேர்ந்ததா?"

"செவ்வாய்க்கிழமை கிளம்பிடுச்சுன்னு துறைமுகம் அன்னிக்கே சொல்லிருச்சு."

"கிளம்பினதைக் கேட்கலை மேடம். சேர்ந்ததான்னு கேட்கறேன்."

கிராசிந்தா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "டோர்கெயிர் விடுமுறையில இருக்காராம். நேத்தே மலை வீட்டுக்குப் போயிட்டார், பனிச்சறுக்கு. அங்க போன் வேலை செய்யாது."

"பார்த்தியா?" என்றாள் ஹாடெவிக். "மறுப்பு இருந்தா அந்த மனுஷன் இடத்தை விட்டு நகருவாரா?"

"மறுப்பைக் குடுத்து முடிச்சிருந்தாலும் நகருவார்."

"குடுத்திருந்தா எனக்கு வந்திருக்குமே!"

சொல்லிவிட்டு ஹாடெவிக்கே ஒரு கணம் யோசித்தாள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் என்ன? போடலாம். ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்வது? எல்லா நாடும் சம்மதித்துவிட்டது, எனக்குத்தான் பயமாக இருக்கிறது என்றா? மூன்று வருஷம் கெஞ்சியும் மிரட்டியும் இழுத்துவந்த வண்டியை முகமையின் வாசலில் நிறுத்தினால் மறுபடி ஒருவரும் ஏற மாட்டார்கள். அவள் கேக்குத் தட்டுகளை நேராக்கினாள். சரியாகப் பன்னிரண்டுக்குத் தலையசைத்தாள், ராய்வோ விசையைத் திருப்பினான்.

வீடியோவில் இருபத்தாறு பேரும் கைதட்டினார்கள். பலகையில் ஒரு விளக்குகூட நிறம் மாறவில்லை.

மதியம் இரண்டே முக்காலுக்கு, வாழ்த்துச் சொல்லி போன் செய்தவர்களெல்லாம் ஓய்ந்த பிறகு, ராய்வோ அவள் அறைக்கு வந்தான். கொடுத்த கேக்கைத் தொடாமல் தட்டோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"ஸ்கார்வன் கடைசியா 'நலம்'னு சொன்னது எப்போன்னு உள்ளே தோண்டிப் பார்த்தேன். நேத்து மதியம் பன்னிரண்டு மணி. தடத்தை மூடறதுக்குள்ள இன்னும் மூணு தடவை சொல்லியிருக்கணும். ஒண்ணுகூட இல்லை."

"பலகையில..."

"பலகையை விடுங்க. டோர்கெயிர் எழுதியிருந்தா எங்க வந்திருக்கும்?"

ஹாடெவிக் எழுந்தாள். எங்கே வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து கத்தினாள். "கிராசிந்தா! சாவி எங்க? அந்தப் பிரிண்டர் அறைச் சாவி!"

அடித்தளத்துக்கு மூவரும் ஓடினார்கள். கிராசிந்தாவிடமிருந்து சாவியை வாங்கி ராய்வோ திறந்தான். பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்கடியிலிருந்து நீளமாகக் காகிதம் வழிந்து தரையில் சுருண்டு கிடந்தது. ஹாடெவிக் மண்டியிட்டு அதை எடுத்தாள்.

முதல் செய்தி புதன் மாலை நாலு பத்துக்கு டோர்கெயிர் அனுப்பியது. புயலால் கப்பல் பாதி வழியில் திரும்பிவிட்டது, ஒன்பது பேருக்கும் வேறு தொடர்பு இல்லை, ஆகவே நார்வே மறுக்கிறது. விதிப்படி விஷயம் இத்துடன் நின்றது. நான் அடுத்த வாரம்வரை விடுமுறையில் இருப்பேன்.

இரண்டாவது வியாழன் மாலை ஏழுக்குத் தீவிலிருந்து வந்தது. மின்சார எந்திரம் மதியம் நின்றுவிட்டது, சூடேற்ற வழியில்லை. பாட்டரியைச் சேமிக்க 'நலம்' தகவலை நிறுத்திவிட்டோம். எங்களில் ஆஷ்லாக்குக்குக் கடுமையான காய்ச்சல். உங்கள் கடிதப்படி நேராக உங்களுக்கே எழுதுகிறோம். தயவுசெய்து பதில் தாருங்கள்.

மூன்றாவது இன்று காலை பதினொன்று இருபதுக்கு வந்திருந்தது. கேக்குத் தட்டுகளை அவள் நேராக்கிக்கொண்டிருந்த நேரம். அதைக் கிராசிந்தாதான் குனிந்து சத்தமாகப் படித்தாள், படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இன்னொரு இரவை இங்கே தாங்க மாட்டோம். காற்று ஓய்கிறது. திறந்த படகில் ஒன்பது பேரும் கரைக்குக் கிளம்ப நினைக்கிறோம், பதினான்கு மைல். கரையிலிருக்கும் எங்கள் மேலிடத்தோடு தொடர்பில்லாததால் உங்களிடம் அனுமதி கேட்கிறோம். இந்த ஓய்வு நீடிக்காது என்று வானிலைப் பிரிவுக்குத் தெரிந்தால் உடனே தடுத்துவிடுங்கள். உங்கள் வழக்கப்படியே வைத்துக்கொள்வோம். மதியம் ஒரு மணிக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம்."

ராய்வோ சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். வானிலைப் பிரிவு காலை பத்துக்கு எல்லா மேஜைக்கும் அனுப்பியது. வடகடலில் மதியம் சிறிது ஓயும், இரண்டரைக்குப் புயல் இரண்டு மடங்காகத் திரும்பும். ஹாடெவிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாக இரண்டு நிமிஷம்.

"தடத்தைத் திறடா! திற!"

"ஆறு மணி நேரம் ஆகும். திறந்தாலும் அங்க கேட்க யாரும் இல்லை."

அவள் மாடிக்கு ஓடி, நார்வேக் கரையின் மீட்பு நிலையத்துக்கு போன் போட்டாள். இடத்தையும் எண்ணிக்கையையும் புறப்பட்ட நேரத்தையும் சொன்னாள். எதிர்முனையில் ஒரு பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இந்தக் காற்றில் ஹெலிகாப்டர் எழும்பாது என்றாள். படகை அனுப்ப முடியுமா என்று பார்க்கிறோம் என்றாள். பிறகு, "இதை எங்களுக்கு ஏன் இப்ப சொல்றீங்க?" என்று கேட்டாள். ஹாடெவிக் போனை வைத்தாள்.

நடுக்கூடத்தில் காலித் தட்டுகள் கிடந்தன. நானூற்றுப் பதினொரு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. வலது மேல்மூலையில், கடைசி வரிசையில் ஸ்கார்வன். அவள் அதன் முன்னால் போய் நின்றாள்.

"அதையாவது சிவப்பாக்கு ராய்வோ."

"என்னால முடியாது மேடம்."

"நான் உத்தரவு போடறேன். ஆக்கு!"

"உத்தரவுக்கு அது மாறாது. அந்த நிலையத்துலேருந்து பலகைக்கே புகார் வந்தாத்தான் மாறும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க கேட்டபடிதான் பண்ணியிருக்கேன்."