அண்ணன் மகன்

அப்பாவுக்கு எண்பது வயது. அதில் முப்பது வருடத்தை, தன்னைப் பெற்றவர் பட்டாளத்துக்குப் போனவர்தான் என்று நிரூபிப்பதிலேயே செலவழித்திருந்தார். ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு அவர் எழுதிப்போட்ட மனுக்கள் ஏராளம். வந்த பதில்கள் மூன்று. மூன்றிலும் ஒரே பல்லவி: அப்படி ஒரு பெயர் பதிவேட்டில் இல்லை.

"உங்கப்பா பட்டாளத்துலதான் இருக்காரு" என்று அவருடைய அம்மா சாவதற்கு முன் சொல்லியிருந்தாள். ஐந்து வயதில் காதில் விழுந்த அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான், 'ஓடிப்போனவன் பிள்ளை' என்று கேலி செய்த பள்ளிக்கூடத்துப் பையன்களோடு மல்லுக்கட்டினார். வளர்த்த சித்தப்பாவிடம் கேட்டால், "எனக்கென்னடா தெரியும்" என்று எழுந்து போய்விடுவார். போன வருடம் மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு அப்பா பாதி ஆளாகிவிட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "ஓடித்தான் போயிருப்பாரு போல, பாப்பா. நான்தான் கிறுக்கு மாதிரி..."

அவர் மகள் பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. ஊசியைக் கண்டு அலறும் தடியன்களை ஒரு அதட்டில் உட்கார வைப்பவள், அன்றைக்கு அப்பா தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். இந்த நினைப்போடு அப்பா போய்ச் சேரக்கூடாது. லீவு போட்டுவிட்டுக் காப்பகத்துக்குக் கிளம்பினாள்.

அங்கிருந்த குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இல்லம்மா."

"விலாசத்தை வச்சுத் தேடுங்க சார்."

"இங்க பேரை வச்சுத்தான் தேடுவோம்."

"எங்க லேப்ல பேரு ஒத்துவரலைன்னா வீட்டு நம்பரைத்தான் பார்ப்போம். ஒரே பேருல பத்துப் பேரு வருவாங்க. ஒரே வீட்டுலேர்ந்து பத்துப் பேரு வரமாட்டாங்க."

"அவ்வளவு தெம்பிருந்தா நீங்களே பாருங்க" என்று அப்பா பிறந்த ஊரின் ஆளெடுப்புப் புத்தகங்களை மேசை மேல் இறக்கிவிட்டுப் போனார். நான்கு நாள் தும்மித் தீர்த்தாள். ஐந்தாம் நாள், அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்த அதே தெரு, அதே வீட்டு நம்பர் கண்ணில் பட்டது. பக்கத்தில் இருந்த பெயர்தான் வேறு. அது அப்பாவை வளர்த்த சித்தப்பாவின் பெயர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னத் தாத்தாவாவது, யுத்தத்துக்குப் போவதாவது! கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர். கல்யாணமே செய்துகொள்ளாமல் அவர்கள் வீட்டோடு இருந்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன்புதான் காலமானார். சர்க்கார் காகிதம் என்றாலே அவருக்கு ஆகாது. எதிலும் கையெழுத்துப் போடமாட்டார், ஓட்டுப் போடப் போனதுகூட இல்லை. வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லி அவரை ஓட்டுவார்கள்.

குமாஸ்தா கோப்பை எடுத்து வந்து பிரித்தார். "போர்க்கைதி. ரெண்டரை வருஷம் முகாம்ல இருந்து, காய்ச்சல்ல இறந்திருக்காரு."

"இவரு எங்க வீட்டுல வயசாகிச் செத்தாரு சார்."

"அப்போ இது யாரு?"

கைதி அட்டையில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. மொட்டைத் தலை, துருத்திய கன்ன எலும்பு. மாரடைப்பு வந்து எழுந்த அப்பாவின் முகம் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது.

குமாஸ்தாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்பல்லாம் கட்டாயமா பட்டாளத்துக்குக் கூப்பிடற சீட்டுல போட்டோ கிடையாதும்மா. தம்பிக்குச் சீட்டு வந்தா அண்ணன் போயிடுவாரு. இந்த மாதிரி நானே ரெண்டு பார்த்திருக்கேன். வெளியில தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஜெயில்."

கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்ததால் தாத்தாவுக்குச் சீட்டே வந்திருக்காது. பத்தொன்பது வயதுத் தம்பி நடுங்கியதைப் பார்த்துவிட்டு, அவன் சீட்டை வாங்கிக்கொண்டு, அவன் பெயரில் போயிருக்கிறார். தம்பி செத்துவிட்டதாகச் சர்க்கார் தாள் வந்த பிறகு, அந்தத் தம்பி அதே தெருவில் எப்படி நடமாடுவது? அதனால்தான் சின்னத் தாத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறியிருக்கிறார். அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பையன் ஊரார் வாயில் விழுந்தபோதெல்லாம் சும்மாதானே இருந்தார்! முதலில் பயம், அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது என்ற கூச்சம். அது புரிந்தது. புரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

கோப்பின் அடியில் மூன்று தபால் அட்டைகள் இருந்தன. முகாம் ஆபீசிலேயே தேங்கிப்போய், யுத்தம் முடிந்த பிறகு கண்டெடுத்தவை. மூன்றும் 'அன்புள்ள அண்ணனுக்கு' என்று தொடங்கின. தம்பியாக இருந்தவர் வேறு யாருக்கு எழுதுவார்? தன் பெயருக்கே, தன் வீட்டுக்கே எழுதியிருக்கிறார். பாப்பா அங்கேயே, முன்பின் தெரியாத அந்த மனிதர் எதிரில், விம்மி விம்மி அழுதாள்.

நகல்களோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புகைப்படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா தினமும் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத்தானே சாப்பிட்டாரு" என்றார். அதில் கோபமா இரக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அட்டையைப் படி."

படித்தாள். "'அன்புள்ள அண்ணனுக்கு. நான் சுகம். அண்ணன் மகனுக்குப் பல் முளைத்ததா?'" அடுத்தது. "'நான் சுகம். அண்ணன் மகன் நடக்கிறானா?'" கடைசி அட்டையில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. "'அண்ணன் மகன் யாரையாவது அப்பா என்று கூப்பிடுகிறானா?'"

"மகன்னு ஒரு இடத்துலகூட எழுதலையா?"

"எழுத முடியாதுப்பா. சீட்டுல இருந்த தம்பிக்குக் கல்யாணமே ஆகலையே. எழுதியிருந்தா மாட்டிக்கிட்டிருப்பாரு."

அப்பா பேனாவைக் கேட்டார். மூன்று தாளிலும் ஒரே ஒரு வார்த்தையைத் தேடித் தேடி அடித்தார். நடுத்தாளை அவளிடம் நீட்டினார்.

"இப்பப் படி."

அடித்ததைத் தாண்டிப் படித்தாள். "'மகன் நடக்கிறானா?'"

"நடக்கிறேன்ப்பா" என்றார் அப்பா.