எதிர்ச்சாரி வாசம்

காலையில் எழுந்ததும் தெருப்பக்க ஜன்னலைச் சாத்துகிறேன். பல் விளக்குகிறேன். அடுப்பில் பால் வைக்கிறேன். பாக்கெட்டின் மூலையைக் கடித்துக் கிழித்து, பொடியைப் போட்டுக் கலக்கி, நின்றபடியே காப்பி குடிக்கிறேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். பக்கத்தில் இன்னொரு டம்ளர் கவிழ்ந்தே இருக்கிறது. அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன்.

பாக்கெட், தெருவில் உள்ள, முகப்பெல்லாம் கண்ணாடியான பெரிய கடையில் வாங்கியது. ஊருக்கு ஊர் அதே பெயரில், அதே வெளிச்சத்தில் இருக்கும் கடை. கதவு தானாகத் திறக்கும். பொருளைக் காட்டினால் இயந்திரம் கீச்சென்று கத்தும். யாரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள். மனைவி போன பிறகு எனக்கு அது தோதாக இருந்தது.

அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. அதற்கு நேர் எதிரே, காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் சின்னக் கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். கொட்டை பக்கத்து மலைத் தோட்டங்களிலிருந்து வருகிறது.

"எங்கேயோ வறுத்து எப்பவோ அரைச்சதை எதுக்கு வாங்கணும்? நம்ம தெருவுலயே அண்ணன் சுடச்சுட அரைச்சுத் தர்றாரே" என்பாள்.

"பாக்கெட் அழகா இருக்கு."

"அப்ப பாக்கெட்டையே கரைச்சுக் குடிங்க."

அந்தச் சின்னக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கொட்டை உருளையில் வறுபடும்போது வாங்குகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் வாயே திறக்க மாட்டார். குடிக்கிற நாக்கு உங்களுடையது என்பது அவர் கட்சி. சனிக்கிழமைகளில் அவள் போய் நின்று வாங்கி வருவாள். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து என்னை எழுப்பக் குனிவாள். அவள் தலைமுடியிலிருந்து வரும் வாசத்தில்தான் விழிப்பேன்.

போன சனிக்கிழமை ஜன்னல் கொக்கி கழன்று, கதவு திறந்து கிடந்தது. வறுக்கும் வாசம் அறைக்குள் வந்துவிட்டது. கையில் எடுத்த பாக்கெட்டைக் கிழிக்காமல் வைத்தேன். அவள் போடும் காப்பி ஒரு டம்ளர் வேண்டும் போலிருந்தது. வேறெதுவும் வேண்டாம். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கல்லாவில் கடைக்காரரின் மனைவி இருந்தார்.

"வாங்கண்ணே. கண்ணாடிக் கடையிலேர்ந்து வெளிய வர வழி கிடைச்சுதா?"

"சும்மா இரு" என்றார் கடைக்காரர்.

"நான் என்ன தப்பா கேட்டுட்டேன்? கண்ணு முன்னாடியே பாக்கெட்டைக் கக்கத்துல இடுக்கிட்டுப் போறார். அவர் சங்கடப்படக் கூடாதேன்னு நாமதான் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கிறோம். கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

சிரிப்பு வந்தது. வந்து வெகுநாளாகியிருந்தது.

"தங்கச்சி வாங்கறதையே போடவா மாப்ளே?" என்றார் கடைக்காரர்.

"அதேதான் மச்சான்."

"கொட்டை எனக்குத் தெரியும். பதம் அதுக்குத்தான் தெரியும். இன்னிக்கு நீங்க சொல்லணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"மூக்கு இருக்குல்ல?"

உருளை சுற்றத் தொடங்கியது. முதலில் ஈர வைக்கோல் வாசம். பிறகு சூடான ரொட்டி போல. உள்ளே படபடவென்று வெடித்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினார்.

அப்போது வந்தது. அவள் தலைமுடி. குனிகிறாள், ஒரு கையால் முடியை ஒதுக்குகிறாள்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மூடியைத் திறந்து தட்டில் கொட்டிவிடுவார். சூடாற்ற விசிறி ஓடும். போய்விடும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நின்றேன்.

"யோவ், புகை மண்டுது! எதிர்க்கடைக்காரன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போறான்" என்று கத்தினார் அவர் மனைவி.

தட்டில் கொட்டியபோது எல்லாம் கரி.

"இதை வச்சுப் பல்லு வேணா விளக்கலாம்" என்றார் கடைக்காரர். "வாசம் வரலையா?"

"வந்தது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் மனைவி கல்லாவை விட்டு எழுந்து வந்து, கரியைத் தானே வாரி ஒதுக்கினார்.

"நோண்டி நோண்டிக் கேக்காதே. இன்னொரு தரம் போடு" என்றார் கணவரிடம்.

மறுபடி வைக்கோல், ரொட்டி, படபடப்பு. மறுபடி அவள் குனிந்தாள்.

"போதும்" என்றேன்.

விசிறி ஓடியது. போய்விட்டது.

அரைத்த பொடியின் சூடு பையைத் தாண்டி நெஞ்சில் பட்டது. வீடு வரை அப்படியே அணைத்துக்கொண்டு வந்தேன். கவிழ்ந்திருந்த இரண்டு டம்ளரையும் நிமிர்த்தினேன். ஒன்றில்தான் ஊற்றினேன். உட்கார்ந்து குடித்தேன். கிட்டத்தட்ட அதேதான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று, அவள் போன அன்று, அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உங்களைத்தான் விசாரித்தாள் அத்தை என்றேன். அவருக்கு அது தேவைப்பட்டது. உண்மையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். பாக்கெட் பொடி என்று கண்டுபிடித்துவிட்டாள். டம்ளரை என்னிடமே நீட்டினாள்.

"நாளைக்கு அண்ணன்கிட்டப் போய் வறுத்து வாங்கிட்டு வாங்க. அவர் சொல்ல மாட்டார். வாசம் வந்ததும் நீங்க நிறுத்தச் சொல்லிடணும், என்ன? பராக்குப் பாத்துட்டு நின்னீங்கன்னா கருகிடும்."