தொண்ணூறா, நூற்றுநாற்பதா

2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் வன்னியிலிருந்து மரியகொறற்றிக்கு ஒரு கடிதம் வந்தது. சண்டையால் வன்னிக்கான பாதை மூடி ஒரு மாதமாகியிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய நிவாரணக் கந்தோரில் அவள் களஞ்சியப் பொறுப்பாளர். எழுதியவள் நேசமலர், அங்கே காட்டோரக் கிராமங்களுக்குப் போய்வரும் மருத்துவிச்சி. சேற்றுப் பாதைகளில் ஓடுவதற்கென்று ஏதோ ஒரு குளிர் நாடு கொடுத்த நாலு சில்லு மோட்டார் சைக்கிளைக் கந்தோர் அவளுக்கு அனுப்பியிருந்தது.

"அக்கா, வெளிக்கிடேக்க கியர் லேசா விழுது. அஞ்சு மைல் போனாப் பிறகு கீழ ஒரு ஊளைச் சத்தம். நிப்பாட்டித் தொட்டா கை சுடுது. போன கிழமை ஒரு பிள்ளைத்தாய்ச்சியப் பின்னால ஏத்திக்கொண்டு வரேக்க கியர் இறுகிப்போச்சு. மிச்சத் தூரம் மாட்டு வண்டிலிலதான் கொண்டுபோனம். இப்ப ஒரு மாதிரித் திருத்தியாச்சு. கியருக்கு விடுற ஒயில்தான் பிழையெண்டு இஞ்ச சொல்லுகினம்."

அடுத்த மாதம் வன்னிக்கு லொறித் தொடரொன்று போக இருந்தது. அதற்கான விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் பாதுகாப்பு அமைச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே வகை ஒயில், பத்து லீற்றர்தான் கேட்கலாம். எழுதிவிட்டால் மாற்ற முடியாது. கந்தோர்த் தலைவர் சண்முகலிங்கம், இயந்திரத்தோடு வந்த பிளாஸ்ரிக் உறையிட்ட தாளை மேசையில் வைத்துத் தட்டினார்.

"ஒயிலின்ர தடிப்பு எழுபத்தைந்தாம் நம்பர் எண்டு போட்டிருக்கு. அவங்கட மெசின், அவங்கட தாள். நாங்கள் மாத்தி எழுதி அது உடைஞ்சா ஆர் பதில் சொல்லுறது?"

அன்று பின்னேரம் மரியகொறற்றி களஞ்சியத்தில் மிச்சமிருந்த அந்த ஒயிலில் கொஞ்சத்தைப் பால்மாத் தகரமொன்றில் ஊற்றி, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்தாள். பத்து நிமிடத்தில் கரண்டியால் அள்ளி ஊற்றிப் பார்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. சூடேறிய கியர்ப் பல்லுகளுக்கு நடுவே இது எப்படி நிற்கும் என்று நினைத்தாள்.

கொட்டாஞ்சேனை வீட்டில் கணவன் பற்றிக் சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொன்னான். துறைமுகத்தில் பாரந்தூக்கி வண்டிகளைத் திருத்துபவன் அவன்.

"நூற்றுநாற்பத எழுது. தடிப்பா இருந்தாப் பல்லுத் தேயாது."

"தடிப்பெண்டா இழுக்கக் கூடப் பெற்றோல் போகாதோ?"

"போகும்தான். ஹார்பர்ல அத ஆர் பாக்கிறது?"

வன்னியில் பெற்றோலைச் சோடாப் போத்தலில் அளந்து வாங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒயில் தடிப்பாகி நேசமலர் போகும் தூரம் குறைந்தால் அதுவும் பிழைதான்.

மறுநாள் களஞ்சிய அலுமாரியைக் கிண்டி, இயந்திரத்தின் முழுப் புத்தகத்தையும் தேடி எடுத்தாள். கடைசிப் பக்கங்களில் வெப்பநிலைக்கேற்ற அட்டவணை இருந்தது. இருபது பாகைக்குக் கீழே எழுபத்தைந்து, அதற்கு மேலே தொண்ணூறு. நூற்றுநாற்பது, நாள் முழுக்கப் பெரும் பாரம் இழுப்பதற்கு மட்டும். பிளாஸ்ரிக் உறைத் தாள் அந்தக் குளிர் நாட்டுக்காரர் தங்களுக்கென்று அடித்துக்கொண்டது.

சண்முகலிங்கம் அட்டவணையை இரண்டு தரம் வாசித்தார்.

"சரி பிள்ளை, தொண்ணூறு எழுதலாம். ஆனா மாத்தினதுக்குக் காரணமும், காரணம் சொல்லுற ஆளின்ர பேரும் அடையாள அட்டை நம்பரும் வேணும்."

அன்றிரவு பற்றிக் சாப்பிடவில்லை. "வன்னிக்குப் போற ஒயிலில உன்ர பேர் எதுக்கு? வெள்ளை வானில வந்து ஆக்களைக் கடத்துற காலத்தில உனக்கு விசரோ?"

"அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின்ர இடத்தில நான் இருந்திருந்தா?" என்றாள். அவன் எழுந்து போனான். அவளுக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமை பேனாவைத் திறந்து, மூடி, பிறகு எழுதிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. அமைச்சிலிருந்து ஒரு அதிகாரி அவளைப் பேர் சொல்லிக் கேட்டார். போன தடவை எழுபத்தைந்து, இந்தத் தடவை ஏன் தொண்ணூறு என்று சிங்களத்தில் விசாரித்தார். யோசித்து வைத்திருந்த நீண்ட விளக்கமெல்லாம் மறந்துபோயிற்று.

"எஹே ரஸ்னெய், மஹத்தயா," என்றாள். அங்கே சூடு ஐயா, அவ்வளவுதான்.

"ஹரி, ஹரி," சரி, சரி என்றபடி அவர் எதையோ எழுதும் ஓசை கேட்டது.

ஒயில் போய்ச் சேர்ந்தது. டிசெம்பரில் வந்த கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பற்றிக்குக்கு வாசித்துக் காட்டினாள். ஊளைச் சத்தம் நின்றுவிட்டதாம். இரண்டு பிரசவத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளாம். மழைநாளில் மட்டும் காலையில் கியர் இறுகுவதால், கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்ட பிறகுதான் வெளிக்கிடுகிறாளாம்.

"அப்ப மழைக்குத் தொண்ணூறும் கொஞ்சம் கூடத்தான்," என்றான் பற்றிக்.

"ஓம், கொஞ்சம் கூடத்தான்," என்று ஒப்புக்கொண்டாள் அவள். அவன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, மறுபடி முதலிலிருந்து தானே வாசிக்கத் தொடங்கினான்.