உட்காராமல் கிளம்பியவன்

ஆற்றைக் கடந்தால் கொதிகலன் கூடம். அரைமணி நேர நடை. நவம்பர் கடைசியில் ஒரு காலை அந்த நடைக்குக் கிளம்பிய அடுப்புத் தொழிலாளி புரோகோபி, ஜனவரி பிறந்த பிறகும் ஆற்றின் மேலேயே நடந்துகொண்டிருந்தான். அந்த வருடம் லேனா நதி லாரி தாங்கும் அளவுக்கு இறுகியிருந்தது, மீன் விலை ஏறியிருந்தது, குளிர் மைனஸ் ஐம்பதைத் தாண்டியதும் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இவற்றோடு சேர்த்து ஊர் இதையும் பேசிக்கொண்டது.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் வீட்டாரோடு சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்து போவது அங்கே வழக்கம். யாரும் எங்கும் போகவில்லை என்று நினைத்து, வழியில் காத்திருக்கும் கெட்டது ஏமாந்துபோகுமாம். அன்று அவன் உட்காரவில்லை. இந்த மூடுபனியில் போக வேண்டாம் என்று மனைவி சர்கிலானா தடுத்தாள். "நான் போகலேன்னா அக்கரையில வெந்நீர்க் குழாயெல்லாம் உறைஞ்சி வெடிச்சிடும். உனக்கென்ன, அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பேசுவ!" என்று கத்திவிட்டுக் கதவைத் திறந்தான். "அப்போ போய்த் தொலைங்க" என்றாள் அவளும். சொன்ன வாய்க்கே சுருக்கென்றது. கதவு சாத்திக்கொண்டதும் வீட்டுக்குள் வாசலோரப் பெஞ்சில் அவனுக்குப் பதிலாகத் தான் உட்கார்ந்தாள்.

மதியம் லாரி ஓட்டும் செம்யோன் வந்தான். "அண்ணி, அண்ணன் ஆத்து மேலதான் நடக்குறாரு. பூட்ஸ் சத்தம் கேக்குது, இருமுறது கேக்குது. வண்டியில ஏறுங்கண்ணேன்னா, 'இதோ, கரை தெரியுதுடா'ங்கிறாரு. கையை நீட்டினா வெறும் பனிதான்."

அவள் பதறி எழுந்தாள். அந்த நொடியில் யாரோ தொப்பென்று விழுந்து முனகும் சத்தம் ஆற்றிலிருந்து வந்தது. விழுந்தடித்து உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் மறுபடி தொடங்கியது. அதன்பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடும் தூக்கமும் பெஞ்சில்தான். மற்ற அவசரங்களுக்கு அக்கம்பக்கத்தார் அவளைப் பெஞ்சோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தரைப் பலகை தேய்ந்து பள்ளமானது. தேடப் போனவர்கள் மூக்கு நுனி கறுத்துத் திரும்பியதுதான் மிச்சம். கூடத்து மேலாளர் புரோகோபியை வேலையை விட்டு நீக்கவில்லை. கிளம்பிவிட்டவனை எப்படி நீக்குவது என்று கேட்டார்.

மே மாதம் வெயில் வந்தது. பனிக்கட்டியின் மேல் தண்ணீர் நின்றது, ஆற்றுப் பாதையை அடைத்துவிட்டார்கள். ஊர் மூடுபனியெல்லாம் கலைந்தும், வைக்கோல் போர் அளவுக்கு ஒரு துண்டு மட்டும் ஆற்றின் நடுவே நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருமல் கேட்டது.

புரோகோபியின் அக்கா வர்வாரா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "உக்காந்தவ எழுந்திரிக்கணும்டி! எழுந்தாத்தான் பயணமே தொடங்கும். நீ என் தம்பிய வாசப்படியிலயே கட்டிப் போட்டிருக்க."

"எழுந்தா விழுந்துடுவாரு மதினி."

"உக்காந்தே இரு. நாளைக்கு ஆத்துப் பனி உடைஞ்சதும் எது மேல நடப்பான்?"

காலடிச் சத்தம் கேட்கும்வரை அவன் உயிரோடு இருக்கிறான். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டே சர்கிலானா ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிட்டாள். அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை, பயமாக இருந்தது. கடைசியில் வர்வாராவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

காலடிச் சத்தம் நின்றது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு வெடித்து உடைந்தது. பாளம் பாளமாகப் பனிக்கட்டி வடக்கே போவதை அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. "வந்துட்டாம்மா," என்றார் மேலாளர். "கொஞ்சம் லேட்டாயிடுச்சுன்னான். மண்வாரிய எடுத்துக்கிட்டு நேரா அடுப்புக்குப் போயிட்டான்." அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஆறு தெளிந்ததும் முதல் படகில் அவன் வீடு வந்தான். தாடியில் இருந்த உறைபனி ஜூலையிலும் கரையவில்லை. வெறுங்கையால் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவன் கன்னத்தைத் தடவத் தோன்றும்போதெல்லாம் சர்கிலானா கையுறையை மாட்டிக்கொண்டாள்.