கண்ணாடி பிடித்தவன்

இப்போதெல்லாம் ஜனங்கள் படம் பார்க்கவா வருகிறார்கள்? வந்தோம் என்று ஊருக்குக் காட்ட வருகிறார்கள். விழுப்புரம் தியேட்டர் வாசலில் பேனரை மறைத்துக்கொண்டு ஆளாளுக்குச் செல்லைத் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டினார்கள். சவுரிராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தது பேனர் பார்க்க அல்ல. தன்னைப் பார்க்க. "நம்ம கதையத்தான்டா எம்பொண்ணு படமா எடுத்துக்கீறா, வந்து பாரு" என்று பால்ய சிநேகிதன் கண்ணையன் போனில் சொல்லியிருந்தான்.

நம்ம கதை என்றால், திண்டிவனத்தில் மூன்று பொடியன்கள் சினிமா எடுத்த கதை. தியேட்டர் பின்பக்கக் குப்பையில் துண்டு பிலிம் பொறுக்கி, ஊறவைத்து அதிலிருக்கிற படத்தைச் சுரண்டுவார்கள். சுரண்டின பிலிமில் கண்ணையன் மையால் பொம்மை வரைவான். இருட்டு அறைக்குள் ஜன்னல் ஓட்டைக்கு நேரே ராயப்பன் அந்த பிலிமை இழுப்பான். லென்ஸுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய பல்பு வழியாக அது எதிரே கட்டின வேட்டியில் பெரிதாக விழும். வெளியே வெயிலில் நின்று, முகம் பார்க்கிற கண்ணாடியால் ஓட்டைக்குள் வெளிச்சம் அடிப்பது சவுரிராயன்.

கண்ணாடியை விட்டால் உள்ளே இருட்டு. அதனால் அந்தப் படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. உள்ளே சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். கால் பொரிந்ததைவிட அந்தச் சிரிப்புதான் சுட்டது. கண்ணையன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ராயப்பனுக்குக் கொடுத்து வைத்திருந்தது.

"சவுரி பெரியப்பாதான?" என்று ஓடி வந்தாள் கண்ணையன் மகள் பிரபாவதி. முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய முறம் போன்ற காதைத்தான் பார்த்தாள். அவருக்கு அதுவே பிடிக்கவில்லை.

உள்ளே போனால் இன்றைக்கும் அதே கூத்து. பாண்டிச்சேரியிலிருந்து கூலிங் கிளாஸோடு வந்திருந்த ராயப்பன், கண்ணையன் பக்கத்து சீட்டில். சவுரிராயனுக்குப் பின்வரிசை.

படத்தில் ராயப்பன் வேஷத்துப் பையன் பிலிமைத் தலைகீழாக மாட்டினான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணையன் ராயப்பன் தொடையில் ஓங்கித் தட்டினான். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. அது ஆடினால் பையன்கள், "டேய், கண்ணாடி!" என்று கத்தினார்கள். ஒரே ஒரு தடவை ஒரு கறுத்த கை தெரிந்தது. அவ்வளவுதான் சவுரிராயன்.

அப்புறம் வேட்டியில் அந்தப் பொம்மைப் படம் ஓடியது. முறக்காதுப் பையன் ஒருவன் பன்றிமேல் ஏறிப்போய் மணியக்காரரை ஏரியில் தள்ளினான். விசில் பறந்தது. சவுரிராயன் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் சவுரிராயன் கண்ணையனின் சட்டையைப் பிடித்தார். "நான் எங்கடா? அவன் மூஞ்சி இருக்குது, உன் மூஞ்சி இருக்குது. எனக்கு ஒரு கையா?"

"இன்னாடா பேசுற? பன்னிமேல போனவன் ஆரு? அந்தக் காது நம்ம ஊருல வேற எவனுக்கு இருந்துச்சு?"

சவுரிராயனின் கை தானாகக் காதுக்குப் போனது. உடனே சந்தேகமும் வந்துவிட்டது.

"அது அப்பவே வரைஞ்சதா, இப்ப உம்பொண்ணு சேத்ததா?"

"அப்பவேதான். நான் போட்ட எல்லாப் படத்துலயும் நீதான்டா ஹீரோ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கண்ணாடியப் போட்டுட்டு உள்ள ஓடியாந்துடுவ. அப்பறம் வெளிச்சம் எவன் அடிக்கிறது?"

"அந்த பிலிம் எங்க? காட்டு."

"அது மழையில எப்பவோ போச்சு. ராயப்பன் பாத்தானே, அவனக் கேளு!"

ராயப்பன் கூலிங் கிளாஸைக் கழற்றினான். "இருந்துச்சுடா. இந்தக் காதைப் பாத்துப் பாத்து பேஜாராப் பூடுச்சு எனக்கு. என்னையும் ஒருக்கா வரைடான்னு எவ்ளோ கெஞ்சினேன், கேட்டானா இவன்? பிலிமை நான் தெரியாமயா தலைகீழா மாட்டினேன்? வயித்தெரிச்சல்டா!"

சவுரிராயன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்படியென்றால் இத்தனை வருஷம் இவன்மேல் எரிந்ததெல்லாம்? அதெப்படி வீணாகும்?

"நீ ஒரு சாட்சியா? அவன் பக்கத்துல குந்திக்கினு அன்னிக்கும் தலையாட்டின, இன்னிக்கும் ஆட்டுற."

"சத்தியமா பெரியப்பா, அப்பா எனக்குச் சொன்னதும் இதான்" என்றாள் பிரபாவதி. "வாங்க, மூணு பேரும் சேந்து நில்லுங்க. ஒரு போட்டோ."

"எடுத்துக்கோங்க. யாராவது வெளிச்சம் அடிக்கணும்னா மட்டும் கூப்புடுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

"டேய் முறக்காதா, நில்றா!" என்று பின்னால் ராயப்பன் கத்தினான்.

அவர் திரும்பவில்லை. உள்ளே இருந்தவன் ஆயிரம் சொல்வான். பன்றிமேல் போனதை இவர் கண்டாரா? திண்டிவனம் பஸ் எது என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.