வளைகாப்பு நாளில் அணைத்த மோட்டார்

மகளுக்கு வளைகாப்பு நடக்கிறது, பெற்றவள் எழிலரசியோ ஒரு கால் சமையலறையிலும் ஒரு கால் பாத்ரூம் வாசலிலுமாக அல்லாடிக்கொண்டிருந்தாள். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

டெக்சாஸில், நகரத்துச் சாக்கடைக் குழாய் எட்டாத ஓர் ஏக்கர் நிலத்தில் அவளும் கணவர் சேனாபதியும் வீடு வாங்கியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர், சரியான உப்பு. குழாய்முனை, ஷவர், டாய்லெட் எல்லாம் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளை படிந்து கிடக்கும். கழிவெல்லாம் கொல்லைப்புறம் புதைத்த செப்டிக் டேங்குக்குப் போகும். அதிலிருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்ற பிறகு, தெளிந்த தண்ணீரை ஒரு மோட்டார் விடிகாலையில் பின்பக்கப் புல்வெளியில் தெளிக்கும். தொட்டி நிரம்பிவிட்டால் வேளை பார்க்காது, பட்டப்பகலிலும் தெளிக்கும்.

சம்பந்தி மரகதம் காப்பெல் நகரத்திலிருந்து வருகிறாள். அவள் வீட்டுக் குழாயில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அவள் கண்ணில் இந்தக் கறை படக் கூடாதென்று எழிலரசி ஆசிட் வாங்கி, ஊரில் செய்கிற மாதிரியே, எல்லா டாய்லெட்டிலும் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்துவிட்டாள். கறை போனது. டேங்கிலிருந்த கிருமிகளும் போய்ச் சேர்ந்தன போலும்; வளைகாப்பன்று காலையில் புல்வெளியில் தெளித்த தண்ணீர் குமட்டியது. சேனாபதி அப்போது பூ வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் அதே புல்வெளியில் நாற்காலிகளைப் போட ஆரம்பித்தார்.

"ஏனுங்க, முன்னாடி போடலாமில்ல?"

"முன்னாடி வெயிலு கொளுத்துது எழிலு. இங்கதான் நெழல்."

"மோட்டார் ஓடிருச்சுன்னா?"

"ஓடுனா என்ன? க்ளீன் பண்ணுன தண்ணிதான?"

ஆசிட் ஊற்றாதே என்று வீடு வாங்கின அன்றே சொன்ன மனுஷர். எழிலரசி சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள்.

இனி தண்ணீர் வெளியே போக வழியில்லை. வீட்டுக்குள் எதிர்த்துக்கொண்டு வந்தால்? விருந்தாளிகள் கார் காராக வந்து இறங்கினார்கள். யாராவது எழுந்தால் இவள் பாத்ரூம் வாசலுக்கு ஓடினாள்.

"ஆன்ட்டி, பாத்ரூம் எங்க?"

"ஆளிருக்குதுப்பா. இரு." உள்ளே ஒருவரும் இல்லை.

கை கழுவ வந்த குழந்தைகளுக்கு டிஷ்யூவை நீட்டினாள். ஃப்ளஷ் சத்தம் கேட்டால் தரையைப் பார்த்தாள். யாரோ, "எழில், பாத்ரூமுக்கு டிக்கெட் போட்டுட்டியா?" என்று சீண்டினதற்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

மனையில் மகள் மானஸா உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு, பட்டுப்புடவை, நிழலிலும் கொதிக்கிற வெயில். மரகதம் மருமகள் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு எலுமிச்சைத் தண்ணீரை நீட்டினாள். மானஸா டம்ளரை ஒதுக்கினாள்.

"வேண்டாம் அத்தை."

"காலைலருந்து ஒண்ணும் குடிக்கல நீ. உதடெல்லாம் காஞ்சு கெடக்குது."

எழிலரசி ஓடி வந்து குனிந்தாள். "ஏங்கண்ணு?"

"குடிச்சா பாத்ரூம் போகணும்மா," மானஸா குரலைத் தாழ்த்தினாள். "காலைல நான் ஃப்ளஷ் பண்றப்ப எல்லாம் உன் ஃபேஸப் பாத்தேன். ஏதோ ப்ராப்ளம்னு தெரியுது. இட்ஸ் ஓகே, நான் கன்ட்ரோல் பண்ணிக்கறேன்."

எழிலரசி நிமிர்ந்தாள். கறைக்கு வெட்கப்பட்டவள், பிள்ளைத்தாய்ச்சியைத் தண்ணீர் குடிக்க விடாமல் உட்கார வைத்திருக்கிறாள்!

"சம்மந்தியம்மா, நான் டாய்லெட்ல ஆசிட் ஊத்திட்டனுங்க," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "டேங்க் கெட்டுப் போச்சு. இங்க தெளிக்கிறது நல்ல தண்ணி இல்ல. மோட்டார நாந்தான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கறேன்."

"எழிலு!" சேனாபதி கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தார்.

மரகதம் அசையவில்லை. "எதுக்குங்க ஊத்துனீங்க?"

"உப்புக் கறைங்க. நீங்க வர்றீங்கன்னுதான்..."

"நல்லாருக்குது! உங்க கொழாய எண்ணிப் பாக்கவா காப்பெல்ல இருந்து வந்தேன்? எங்க வீட்லயும் இதே கறைதாங்க. தண்ணில உப்ப எடுக்கற மெஷின் வெச்சுத்தான் போச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பனே!" என்று அதட்டிவிட்டு ஆண்கள் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டு நின்னா? சேரையெல்லாம் முன்னாடி தூக்குங்க. பசங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக் கூடாது. அப்பறமா மோட்டாரப் போடுங்க. நாத்தம் வந்தா மல்லியப்பூவ மூக்குல வெச்சுக்கறோம்!"

சிரிப்பும் சலசலப்புமாக நாற்காலிகள் முன்வாசலுக்கு நகர்ந்தன. சேனாபதி செப்டிக் ஆளுக்குப் போன் போட்டார், நாளைக்குத்தான் வருவானாம். சுவிட்சைப் போட நடந்தவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். திட்டு பிறகு வீட்டுக்குள் தனியாக வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மானஸா டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். "இன்னொண்ணு குடுங்க அத்தை." அதையும் குடித்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

பாத்ரூம் வாசலில் அதற்குள் ஒரு பெரிய வரிசையே நின்றது. எழிலரசிக்குப் பயந்து அடக்கிக்கொண்டிருந்தவர்கள். வளையல் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் சுவரோடு ஒட்டி நின்று, மானஸாவை முதலில் உள்ளே விட்டார்கள்.